ஜரிகை பீரோவுக்குள்ள, கார் சாவி ஆணியில: கீலெஸ் கார் வச்சிருக்கவங்களுக்கு ஒரு கணக்கு

இந்த வாரம் சேனல்ல கார் இன்சூரன்ஸ் ரினியூவல் பத்திப் பேசும்போது "ஐடிவியைக் குறைக்காதீங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுக் கடந்துட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எங்க குடும்பத்துல நடந்த ஒரு கதை இருக்கு. வீடியோவுல சொல்ல நேரமில்ல. இங்க முழுசா எழுதுறேன்.

எங்க அத்தை வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. பட்டுத் தறி வீடு. உள்ள நுழைஞ்சதும் ஹால் கிடையாது, தறிதான். மாமா குழியில உட்கார்ந்து நெய்வார், அத்தை பக்கத்துல கோர்வைக்குக் கை கொடுப்பாங்க. அவங்க பையன், அதாவது என் மச்சான், தறிக்கு வரல. டிப்ளமோ படிச்சிட்டு ஒரகடம் பக்கம் ஒரு பாக்டரியில வேலை. அந்தத் தெருவுல முதல் புஷ்-ஸ்டார்ட் கார் அவனுதுதான். சாவியை பாக்கெட்ல வச்சுக்கிட்டு கதவுப் பிடியில கை வச்சாலே திறக்கும், பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகும். வாங்கின அன்னிக்குத் தெருவே வந்து பார்த்துச்சு.

தறி வீட்டுல போர்டிகோ ஏது? கார் தெருவுலதான் நிக்கும். அங்க இன்னொரு பழக்கம் உண்டு. பாவு விரிக்கிற நாள்ல விடியக்காலையிலேயே தெரு காலியா இருக்கணும். அதனால வீட்டுல யார் வேணும்னாலும் எடுத்து வண்டியை நகர்த்தட்டும்னு கார் சாவியை வாசக்கதவு பக்கத்துல ஒரு ஆணியில மாட்டியிருந்தாங்க. காருக்கும் ஆணிக்கும் நடுவுல ஒரு சுவர், ஏழெட்டு அடி தூரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில எதிர் வீட்டுக்காரர் பாவு விரிக்க வந்தார். தெரு காலியா இருந்துச்சு. "பையன் நல்லவன்யா, கேக்காமலே வண்டியை எடுத்துட்டான்"னு நினைச்சு வேலையை ஆரம்பிச்சுட்டார். ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப ஆறரைக்கு வெளிய வந்தப்பதான் மச்சானுக்கு விஷயமே தெரிஞ்சது.

தெருமுனை வீட்டு சிசிடிவியை நானும் பார்த்தேன். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தன் தோள்ல ஒரு பையோட எங்க அத்தை வீட்டு ஜன்னல் பக்கம் போய் நிக்கிறான். இன்னொருத்தன் கார் கதவுகிட்ட. இண்டிகேட்டர் ரெண்டு தடவை மினுக்குது, ரெண்டு பேரும் ஏறிப் போயிடறாங்க. ஒரு நிமிஷம் கூட ஆகல. கண்ணாடி உடையல, அலாரம் அடிக்கல. மாமா அந்த ஆணியையே பார்த்துக்கிட்டு திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்டார்: "சாவி இங்கதானேடா தொங்குது, வண்டி எப்படிடா போகும்?"

நியாயமான கேள்வி. அதே வீட்டுல ஜரிகையும் பட்டு நூலும் பீரோவுக்குள்ள இருக்கு. பீரோ சாவி அத்தை இடுப்புல இருக்கு. சில ஆயிரம் ரூபா சரக்குக்கு அவ்வளவு காவல். பன்னெண்டு லட்ச ரூபா வண்டிக்கு ஒரு ஆணி. ஆனா அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சாவி வீட்டுக்குள்ள இருந்தா வண்டி பத்திரம்னுதான் நூறு வருஷமா எல்லாருக்கும் தெரியும். அந்த விதி மாறிடுச்சுன்னு ஷோரூம்ல யாரும் அவங்களுக்குச் சொல்லல.

மாறினது எப்படின்னு சுருக்கமா சொல்றேன். நீங்க கதவுப் பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய சிக்னல் அனுப்பும்: "என் சாவி பக்கத்துல இருக்கா?" இது தாழ்ந்த அலைவரிசை, ஓரிரு மீட்டருக்கு மேல போகாது. சாவிக்கு அது கேட்டா உடனே பதில் சொல்லும், கார் திறக்கும். "கேட்டுச்சுன்னா பக்கத்துலதான் இருக்கணும்" என்பது காரோட நம்பிக்கை. ரிலே திருட்டு அந்த நம்பிக்கையைத்தான் ஏமாத்துது. கார்கிட்ட நிக்கிறவன் கருவி காரோட கேள்வியைப் பிடிச்சு, வீட்டுகிட்ட நிக்கிறவன் பைக்குள்ள இருக்கிற கருவிக்கு அனுப்பும். அது சுவர் வழியா சாவிகிட்ட அதே கேள்வியைக் கேட்கும். சாவி சொல்ற பதிலும் அதே வழியில திரும்பிப் போகும். ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கல. கடிதத்தைப் பிரிக்காம கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரன் வேலைதான் இது. ஒரு தடவை இஞ்ஜின் ஸ்டார்ட் ஆயிட்டா, சாவி தூரம் போனாலும் ஓடுற வண்டி நிக்காது. பாதுகாப்புக்காகவே அப்படி வச்சிருக்காங்க, நடு ரோட்டுல நின்னா ஆபத்துன்னு. திருடனுக்கும் அதுதான் வசதி.

எங்க வழக்குல இதுதான் நடந்ததுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னும் யாரும் பிடிபடல. ஆனா அந்த வீடியோவைப் பார்த்தா வேற எதுவும் எனக்குத் தோணல.

இது புதுசா கண்டுபிடிச்ச ஓட்டையும் இல்ல. சுவிட்சர்லாந்து ஈடிஎச் சூரிக் ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளோட 10 கார் மாடல்களை எடுத்து இதே முறையில சோதிச்சு 2011-ல கட்டுரை வெளியிட்டாங்க. பத்தும் திறந்துச்சு, பத்தும் ஸ்டார்ட் ஆச்சு. 2019-ல பிரிட்டன்ல தாட்சம் ரிசர்ச் புதுசா வந்த 11 கார்களைப் பாதுகாப்புக்காக மதிப்பிட்டப்ப அதுல 6 'மோசம்'னு வந்துச்சு, கீலெஸ் ஓட்டைதான் காரணம். இந்தக் கருவிகளை வச்சிருக்கிறதே குற்றம்னு ஆக்க பிரிட்டன் அரசு 2025-ல மசோதா கொண்டு வந்துச்சு.

ஸ்கார்பரோ பக்கம் சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, டொரண்டோ கதையைச் சொல்வாங்க. 2024 மார்ச்சுல அங்க ஒரு போலீஸ் அதிகாரி ஒரு கூட்டத்துல பேசும்போது, சாவிக்காக வீட்டுக்குள்ள புகுந்து உங்களை அடிக்காம இருக்கணும்னா, சாவியை சிக்னல் போகாத பையில போட்டு வாசக்கதவு பக்கத்துலயே வச்சிடுங்கன்னு யோசனை சொன்னார். ஊரே சிரிச்சது. அப்புறம் போலீஸே, அது நல்ல எண்ணத்துல சொன்னதுதான், வேற வழிகளும் இருக்குன்னு விளக்கம் கொடுத்துச்சு. வாசல்ல சாவி வைக்கிறதுல எங்க அத்தை டொரண்டோ போலீஸுக்கு முன்னோடி, பை மட்டும்தான் இல்ல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க இந்த முறை எவ்வளவு பரவியிருக்குன்னு பெருசா பயமுறுத்த எனக்கு விருப்பமில்ல. 2025 ஜூன்ல சென்னை அண்ணா நகர்ல வீட்டு வாசல்ல நின்ன விலை உயர்ந்த கார் காணாமப் போச்சு. அந்த வழக்குல ராஜஸ்தானைச் சேர்ந்த எம்பிஏ படிச்ச ஒருத்தரை புதுச்சேரியில பிடிச்சாங்க. பல வருஷமா பல மாநிலங்கள்ல சொகுசு கார்களைக் குறிவச்சுத் திருடினவர்னு போலீஸ் சொன்னதா பேப்பர்ல வந்துச்சு. அதே சமயம், ஆக்கோ இன்சூரன்ஸ் தன்னோட கிளைம்களை வச்சு 2024-ல வெளியிட்ட அறிக்கையில, அதிகம் திருடு போற கார்கள்ல முதல்ல வந்தது வேகன் ஆரும் ஸ்விஃப்ட்டும். சொகுசு கார் இல்ல, பாகம் பாகமா வித்தா சுலபமா விலை போற கார். திருட்டுகள்ல சென்னையோட பங்கு 2022-ல 5 சதவீதம், 2023-ல 10.5 சதவீதம்னு அந்த அறிக்கை சொல்லுது. டெல்லிக்கு அடுத்த இடம். ஒரு கம்பெனியோட கிளைம் கணக்குதான், மொத்த இந்தியாவும் இல்ல. ஆனா "இதெல்லாம் டெல்லிப் பிரச்சனை"ன்னு காஞ்சிபுரத்துல உட்கார்ந்து சொல்ல முடியாது. இங்கிருந்து சென்னை ரெண்டு மணி நேரம்.

நம்ம நாட்டுல ரிலேவை விட சாதாரணமான வழி ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி போர்ட்னு ஒரு சொருகு இருக்கும், சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பாங்களே, அதுதான். அதுல ஒரு டேப்லெட்டைச் சொருகி புதுச் சாவியைப் பதிவு பண்ணிட்டா, உங்க சாவியே தேவையில்ல. டெல்லி போலீஸ் பிடிச்ச கும்பல்கள்கிட்ட இந்த மாதிரி கருவிகள் திரும்பத் திரும்ப கிடைச்சிருக்கு. 2022-ல லண்டன்ல ஒரு கார் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரோட சொந்தக் காரையே, முன் விளக்குப் பக்கம் வயரிங்கைப் பிரிச்சு அது வழியா பொய்யான கட்டளை அனுப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல சாவி சிக்னலுக்கே வேலை இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, முந்நூறு ரூபா பை வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுடக் கூடாது.

இப்ப பணக் கணக்கு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதுக்குத்தான்.

மச்சான் வாங்கின காரோட எக்ஸ்-ஷோரூம் விலை 12 லட்சம். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட பதினாலரை. எக்ஸ்-ஷோரூம் முழுசுக்கும் லோன், மீதி இரண்டரை லட்சம் கையிலிருந்து. 9.5 சதவீத வட்டி, 7 வருஷம், மாசம் 19,613 ரூபா. இந்த சேனல்ல நான் பல தடவை திட்டின அதே 7 வருஷ லோன். 26 இஎம்ஐ கட்டினப்ப கார் போச்சு. அதுவரைக்கும் கட்டினது 5.1 லட்சம். இன்னும் பாக்கி எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? 9.09 லட்சம். ஏழு வருஷ லோன்ல முதல் ரெண்டு வருஷம் அசல் மெதுவாத்தான் குறையும்.

இன்சூரன்ஸ்ல கார் திருடு போனா கிடைக்கிறது ஐடிவி. அதாவது கம்பெனி அறிவிச்ச விலையில வயசுக்கேத்த தேய்மானம் கழிச்சது. முதல் ஆறு மாசம் 5 சதவீதம், ஒரு வருஷம் வரைக்கும் 15, ரெண்டு வருஷம் வரைக்கும் 20, மூணு வருஷம் வரைக்கும் 30. அப்போ மூணாவது வருஷத்துல 12 லட்ச ரூபா காருக்கு ஐடிவி 8.4 லட்சம். லோன் பாக்கியை விட இதுவே கம்மி, கவனிச்சீங்களா? ஆனா மச்சானுக்கு அதுகூட வரல. ரினியூவல் பண்றப்ப வெப்சைட்ல ஐடிவியைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை இடது பக்கம் இழுத்தா பிரீமியம் குறையும். ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பண்றோம்னு சந்தோஷமா இழுத்துட்டான். ஐடிவி 7.6 லட்சம் ஆச்சு. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆட்-ஆன் இருந்த டிக்கையும் எடுத்துட்டான், "ரெண்டு வருஷமா ஒரு கிளைமும் இல்லையே மச்சான்"னு.

கிளைம் பணம் வர அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசமும் இல்லாத காருக்கு இஎம்ஐ கட்டினான், 98,000 ரூபா. நிறுத்த முடியாது, நிறுத்தினா சிபில் போயிடும், பேங்குக்கும் காருக்கும் நடுவுல நடந்த விஷயம் இல்ல இது, பேங்குக்கும் உங்களுக்கும் நடுவுல. பணம் வந்தப்ப லோன் பாக்கி 8.46 லட்சம். 7.6 லட்சம் நேரா பேங்குக்குப் போச்சு, கட்டாயக் கழிவு ஆயிரமும் போக, மீதி 87,000 ரூபாயை மச்சான் கையிலிருந்து கட்டி லோனை முடிச்சான். கை எங்க இருக்கு? அத்தையோட நாலு பவுன் வளையல் அடகுக்குப் போச்சு. காரும் இல்ல, வளையலும் இல்ல, கம்பெனி பஸ்ல போய்ட்டு வர்றான்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் போட்டிருந்தா? 12 லட்சம் வந்திருக்கும், லோன் போக மூன்றரை லட்சம் கையில நின்னிருக்கும். அந்த ஆட்-ஆனுக்கு சில ஆயிரம் பிரீமியம்தான். என் அபிப்பிராயம் இதுல ரொம்பத் தெளிவா இருக்கு: லோன் பாக்கி ஐடிவியை விட அதிகமா இருக்கிற வரைக்கும் இந்த ஆட்-ஆன் இல்லாம கீலெஸ் கார் ஓட்டக் கூடாது. கார் பழசாயிட்டா கம்பெனிகள் இதைக் கொடுக்காது, அந்த வயசு வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரினியூவலுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. லோன் முடிஞ்சுட்டா வேணுமா வேணாமான்னு அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்கல. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறினதும் நிறைய கார்களோட விலை இறங்குச்சு. ஐடிவி நீங்க கொடுத்த விலையை வச்சு வராது, ரினியூவல் சமயத்துல கம்பெனி அறிவிச்சிருக்கிற விலையை வச்சு வரும். அதுக்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு லோன் பழைய விலையில, ஐடிவி புது விலையில. உங்க பாலிசியையும் லோன் ஸ்டேட்மென்ட்டையும் இன்னிக்கு ராத்திரி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இதைவிட மோசம், ஓன் டேமேஜ் பாலிசியே இல்லாம ஓட்டுறவங்க. புதுக் கார் வாங்கினப்ப தேர்ட் பார்ட்டி 3 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டியிருப்பீங்க. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். "இன்சூரன்ஸ்தான் மூணு வருஷம் இருக்கே"ன்னு விட்டுட்டா, வண்டி திருடு போனா ஒத்த ரூபா வராது. போலீஸ் நிறுத்தினா காட்ட அது போதும், திருட்டுக்குப் போதாது.

போலீஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. மச்சான் ஸ்டேஷனுக்குப் போனதும் முதல்ல ஒரு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தாங்க. அதை வாங்கி பத்திரமா வச்சுக்கிட்டு நாலு நாள் சும்மா இருந்துட்டான். சிஎஸ்ஆர் வேற, எஃப்ஐஆர் வேற. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிறது எஃப்ஐஆர். புகார் கொடுத்தவருக்கு அதோட நகல் இலவசம், கேட்டு வாங்கணும். 2024 ஜூலை 1-ல வந்த புதுச் சட்டப்படி மின்னணு முறையிலயும் தகவல் கொடுக்கலாம், மூணு நாளுக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். அதே நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் லோன் கொடுத்த பேங்குக்கும் மெயில் அனுப்பிடுங்க. எஃப்ஐஆர் உடனே போட்டிருந்து, கம்பெனிக்குச் சொல்லத்தான் தாமதமாச்சுன்னா அதை மட்டும் காரணமா வச்சு கிளைமை மறுக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா கோர்ட் வரைக்கும் போய் வாங்கிற நியாயத்தை விட ஒரு மெயில் மலிவு.

அப்புறம் வண்டி கிடைக்கலன்னு போலீஸ் கொடுக்கிற சான்று வரணும். மாசக்கணக்கா இழுக்கிறது பெரும்பாலும் இதுதான். கூடவே கம்பெனி கேட்கும்: ரெண்டு ஒரிஜினல் சாவியும் எங்க? மச்சான் தப்பிச்சது இந்த ஒரு இடத்துலதான். ஒண்ணு ஆணியில, ஒண்ணு பீரோவுல. ரெண்டையும் கொடுத்தான், கேள்வி அத்தோட நின்னுச்சு. சாவியைத் தொலைச்சுட்டு "பாத்துக்கலாம்"னு இருக்கிறவங்க, தொலைஞ்ச அன்னிக்கே புகார் கொடுத்து, சர்வீஸ் சென்டர்ல பழைய சாவியை நீக்கச் சொல்லி, பில்லைப் பத்திரமா வச்சுக்கோங்க. சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போன லாரி திருட்டு வழக்கு ஒண்ணுல 2023-ல உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லுச்சு. முழுசா மறுக்க முடியாதுன்னு ஆறுதல்தான், ஆனா 25 சதவீதம் போச்சே. கீலெஸ் கார்ல இந்தத் தப்பு ரொம்பச் சுலபம். சாவியைச் சொருகவே வேண்டாம் இல்லையா, கப் ஹோல்டர்ல கிடக்கும், ஹேண்ட்பேக்ல கிடக்கும், இஞ்ஜினை அணைக்காமலே டீக்கடையில இறங்குவோம்.

என்ன செய்யலாம்? நான் சொல்றதுல பாதி உங்க தாத்தாவே சொல்லியிருப்பார்.

முதல்ல இரும்பு. ஸ்டியரிங் லாக் இல்லேன்னா கியர் லாக், ரெண்டு மூவாயிரம் ரூபாக்குள்ள. ரிலேவோ ஓபிடியோ வயரிங்கோ, எதுல திறந்தாலும் இந்த இரும்பை அறுத்தாகணும். அறுக்க முடியாதுன்னு இல்ல, சத்தம் வரும், நேரம் ஆகும், பக்கத்துல பூட்டில்லாத கார் நிக்கும். "இவ்வளவு டெக்னாலஜி கார்ல இதை மாட்டுறதா, அசிங்கமா இருக்கே"ன்னு மச்சான் சிரிச்சான், கார் வாங்கின புதுசுல. ஏஆர்ஏஐ அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி மாட்டினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 2.5 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 500 ரூபா. பெரிய காசில்ல, ஆனா கேளுங்க.

அடுத்தது சாவி. சிக்னல் தடுக்கிற பை இருநூறு முந்நூறுக்குக் கிடைக்குது. வாங்கின உடனே சோதிங்க: சாவியைப் பைக்குள்ள மூடி, பையைக் கையில வச்சுக்கிட்டு கார் கதவைத் திறந்து பாருங்க. திறந்தா அந்தப் பை வெறும் பைதான். நான் வாங்கின மூணுல ஒண்ணு தேறல. எவர்சில்வர் டப்பாவும் சிலருக்கு வேலை செய்யுது, சிலதுக்கு மூடி இடுக்குல சிக்னல் கசியுது, அதையும் இதே மாதிரி சோதிச்சுடலாம். ரெண்டாவது சாவியையும் பையில போடணும், பலர் மறக்கிறது அதுதான். இதுக்கெல்லாம் சோம்பல்னா காரோட கையேட்டை எடுத்துப் பாருங்க. பல மாடல்கள்ல ஸ்மார்ட் கீயைத் தற்காலிகமா அணைச்சு வைக்க வழி இருக்கும். சில கம்பெனி சாவிகள் கொஞ்ச நேரம் அசையாம இருந்தா தானா தூங்கிடும், உங்களுது அந்த வகையான்னு சர்வீஸ்ல கேளுங்க.

முகூர்த்த சீசன்ல காந்தி ரோட்டுக்குப் பட்டு எடுக்க வர்றவங்களுக்கும், வைகாசி கருட சேவைக்கு எங்கேயோ காரை விட்டுட்டு நடந்து வர்றவங்களுக்கும் ஒண்ணு. லாக் பட்டனை அமுக்கிட்டுத் திரும்பிப் பார்க்காம போகாதீங்க. பக்கத்துல எவனாவது ஜாமர் வச்சிருந்தா பூட்டே விழுந்திருக்காது. கீலெஸ்ல ஒரு வேடிக்கை என்னன்னா, பூட்டிச்சான்னு பிடியை இழுத்துப் பார்த்தா, பாக்கெட்ல சாவி இருக்கிறதால அது திறந்துக்கும்! சாவியை வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்து பத்தடி தள்ளி நிக்கச் சொல்லிட்டு இழுத்துப் பாருங்க. இல்லேன்னா கண்ணாடி மடங்கிச்சான்னு பாருங்க. கல்யாண மண்டபத்துல வாலே பார்க்கிங்குக்குச் சாவி கொடுத்தா, ஆர்சியையும் இன்சூரன்ஸ் நகலையும் டேஷ்போர்டுல விட்டுட்டுப் போகாதீங்க, டிஜிலாக்கர்ல இருக்கு. வாட்டர் வாஷுக்கும் இதேதான். ஓபிடி போர்ட்டை மூடுற பூட்டும் கிடைக்குது, தெரிஞ்ச மெக்கானிக் வச்சு மாட்டுங்க. ஜிபிஎஸ் டிராக்கர் நல்லது, ஆனா எல்லாரும் மாட்டுற அதே இடத்துல மாட்டினா திருடனுக்கும் அந்த இடம் தெரியும்.

கடைசியா ஒரு கோபம், அதையும் கொட்டிடறேன். நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் கார் செய்ற மாவட்டம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோ ஓடி வந்ததுல இருந்து, ஒரகடம் வரைக்கும் பாக்டரிதான். இந்த ஊர்ப் பசங்க செய்யற கார்தான் உலகம் முழுக்கப் போகுது. அந்தப் பசங்களே கார் வாங்கப் போனா, கீலெஸ் வேண்டாம், சன்ரூஃப் மட்டும் போதும்னு சொல்ல முடியாது, எல்லாம் ஒரே வேரியன்ட்ல கட்டிப் போட்டிருக்காங்க. வசதிக்கு அம்பதாயிரம், ஒரு லட்சம் கூடுதலா வாங்கறீங்க, சாவிக்குள்ள ஒரு சின்ன அசைவு சென்சார் வைக்க என்ன கஷ்டம்? சிக்னல் வந்து சேர்ற நேரத்தை அளந்து சாவி உண்மையிலேயே பக்கத்துல இருக்கான்னு பார்க்கிற யூடபிள்யூபி சாவிகள் ஏற்கெனவே இருக்கு. பாரத் என்சிஏபி 2023-ல வந்ததும் எல்லாரும் ஷோரூம்ல "எத்தனை ஸ்டார்?"னு கேக்க ஆரம்பிச்சோம். அந்த ஸ்டார் மோதலுக்குத்தான், திருட்டுக்கு இல்ல. "சாவி தூங்குமா? கீலெஸ்ஸை அணைக்க முடியுமா?"ன்னு நாம கேட்டா அதுக்கும் ஒரு நாள் பதில் சொல்லித்தான் ஆகணும். டெஸ்ட் டிரைவ் போறப்ப இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க, சேல்ஸ் தம்பிக்கு என்ன பதில் தெரியுதுன்னு எனக்கும் எழுதுங்க.

மச்சான் போன மாசம் ஒரு பழைய காரைப் பார்த்து முடிச்சிருக்கான். சாதாரண சாவி, திருகினாத்தான் ஸ்டார்ட் ஆகும். இந்தத் தடவை மூணு வருஷ லோன். முந்தாநாள் ராத்திரி வாட்ஸ்அப்ல இன்சூரன்ஸ் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "ஸ்லைடரை எங்க வைக்கட்டும் மச்சான்?"னு கேட்டிருந்தான். வலது ஓரத்துலன்னு பதில் போட்டேன். கியர் லாக் மாட்டிட்டானாம். அதோட சாவி அத்தைகிட்ட இருக்கு.